தூங்கெயில்

சங்க இலக்கியம் படித்தவர்களுக்குத் 'தூங்கெயில்' என்ற சொல் தெரிந்திருக்கும். எயில் என்றால் மதில், கோட்டை. தூங்குதல் என்றால் இங்கே உறக்கமில்லை, தொங்குதல். தூக்கணாங்குருவியின் பெயரில் இருக்கிற அதே தொங்கல். ஆகாயத்தில் தொங்கிய கோட்டைகளை அழித்த சோழன் ஒருவனைப் புறநானூறும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் நினைவுகூர்கின்றன. தூங்கெயில் எறிந்த செம்பியன் என்பதே அவனுக்கு நிலைத்த பெயர். எனக்கு அந்தச் செம்பியனைவிட அவன் எறிந்த பொருள்மீதுதான் ஆசை. பறக்கும் கோட்டை என்று சொன்னால் இறக்கை நினைவுக்கு வருகிறது. தொங்கும் கோட்டை என்றால் கனம் நினைவுக்கு வருகிறது. அவ்வளவு கனத்தையும் மேலே பிடித்துவைத்திருப்பது எது, அந்தப் பிடி எந்த இடத்தில் விட்டுப்போகும் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கேள்வியையே ஒரு கணினி விளையாட்டாக்கியிருக்கிறார் டேவிட் ஸ்டார்க். 'ஏர்ஷிப்ஸ்: காங்கர் த ஸ்கைஸ்' என்று பெயர், 2018-இல் முழு வடிவில் வெளிவந்தது. செங்கல்பட்டில் அக்கா வீட்டு மாடியறையில், ஏரிக்காற்று ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அக்கா மகன் இதை எனக்குக் காட்டினான். "மாமா, இதுல சுடறதைவிடக் கட்டறதுதான் முக்கியம். ஒழுங்கா கட்டலைன்னா சுடறதுக்கு முன்னாடியே தோத்துடுவீங்க" என்றான். அன்றைக்குப் பாதி புரிந்தது. மீதி புரிய ஒரு மாதம் ஆனது.

திரையில் கப்பலின் பக்கவாட்டுத் தோற்றம்தான் தெரியும். சுவரைச் சீவி எடுத்துவிட்டு உள்ளே பார்ப்பதுபோல, அறை அறையாக, அடுக்கடுக்காக. நவராத்திரிக் கொலுப்படியை நினைத்துக்கொள்ளுங்கள்; ஒவ்வொரு படியிலும் பொம்மைக்குப் பதிலாக ஓர் அறை, அறைக்குள் விரல்நகம் அளவுக்கு மனிதர்கள். கரி வைக்கும் அறை, குண்டு வைக்கும் அறை, மாலுமிகள் படுக்கும் அறை, தலைவர் நின்று கட்டளை இடும் அறை, பீரங்கி நிற்கும் அறை. கப்பலை மேலே தூக்கிப் பிடிப்பதற்கு சஸ்பெண்டியம் என்று ஒரு கற்பனைப் பொருள். அது இருக்கிற அறைகளுக்குத்தான் தூக்கும் சக்தி. மற்ற எல்லாமே கனம். பீரங்கி கனம், இரும்புத் தகடு கனம், கரி கனம், ஏணிகூடக் கனம். ஓர் அறையைச் சேர்த்தால் ஓரத்தில் ஓடும் எண் குறையும். தூக்கும் சக்தியைக் கூட்ட இன்னோர் அறை, அதைக் காப்பாற்ற இன்னொரு தகடு, அந்தத் தகட்டின் கனத்துக்காக மறுபடியும் தூக்கும் சக்தி. வீடு கட்டிய எல்லோருக்கும் இந்தச் சுழல் தெரியும்.

தரையில் கட்டுகிற கோட்டைக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அக்கா வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற செங்கல்பட்டுக் கோட்டையையே பாருங்கள். விஜயநகர வழியில் வந்தவர்கள் 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. ஏரியும் சதுப்பும் அதற்குப் பாதி மதில். கட்டியவர்கள் அந்தத் தண்ணீரைச் சுமக்கவில்லை. இருந்த தண்ணீர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அப்படியும் 1752-இல் கிளைவ் அதைப் பிடித்தார் என்பது வேறு விஷயம். தரைக்கோட்டை பூமியிடம் கடன் வாங்கலாம். தொங்கும் கோட்டைக்கு அந்த வழி இல்லை. தனக்கு வேண்டிய அத்தனையையும் தானே சுமக்க வேண்டும். அதனால்தான் அதைக் கட்டுவது தனிக் கலை.

நான் கட்டிய முதல் கப்பலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஆட்டத்தின் ருசி எனக்குப் பிடிபட்டது அங்கேதான். மூன்று பீரங்கி, மேலும் கீழும் கனமான தகடு, நடுவில் கரியறை, அதை ஒட்டியே குண்டறை. பார்க்கக் கம்பீரமாக இருந்தது. எதிரே வந்தது மரத்தாலான ஒரு சின்னக் கப்பல். அதன் முதல் குண்டு தகட்டில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது, தகடு முடிகிற விளிம்பில் நுழைந்து கரியறையில் தீ மூட்டியது. மாலுமிகள் அணைக்க ஓடினார்கள். தீ அடுத்த அறைக்குத் தாவியது. அடுத்த அறை குண்டறை. கப்பல் இடுப்பில் பிளந்தது.

சரி, கரியையும் குண்டையும் பிரித்து வைத்தேன். இரண்டாவது கப்பல் வெடிக்கவில்லை. ஆனால் அதற்கு நேர்ந்தது இன்னும் நுட்பமானது. சண்டை நடுவே என் பீரங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. ஆட்டத்தை நிறுத்திவைத்து ஒவ்வோர் அறையாகப் பார்த்தேன். பீரங்கிகளில் கீறல்கூட இல்லை. பக்கத்திலேயே ஆட்கள் நின்றிருந்தார்கள். குண்டறை நிறையக் குண்டு இருந்தது. கடைசியில் கண்டுபிடித்தேன்: கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்குப் போகிற ஒரே ஏணி உடைந்திருந்தது. குண்டைச் சுமந்துபோக வழியில்லை. தகடு போட்ட இடமெல்லாம் தாங்கியது; யாருமே கவனிக்காத ஓர் ஏணியில் அடி விழுந்தது.

இந்த விளையாட்டில் குண்டு தானாகப் பீரங்கிக்குப் போவதில்லை, கரி தானாக உலைக்குப் போவதில்லை. யாராவது ஒருவர் சுமந்துகொண்டு நடந்துதான் போக வேண்டும். எத்தனையோ போர் விளையாட்டுகளில் பீரங்கி என்பது ஓர் எண், குண்டு இன்னோர் எண். இங்கே இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, வழியில் ஒரு மனிதர் இருக்கிறார், அவர் போய்ச் சேருவதற்குள் நேரம் ஓடுகிறது. ஸ்டார்க்கின் கைத்திறன் என்று நான் நினைப்பது இதைத்தான். பெரிய கதை, பிரமாண்டமான ஓவியம் எதையும் நம்பாமல், ஓர் ஏணியை நம்பி ஆட்டத்தை அமைத்திருக்கிறார்.

பறக்கும் கோட்டையைக் கற்பனை செய்த எல்லோரும் அது விழும் இடத்தையும் சேர்த்தே கற்பனை செய்திருக்கிறார்கள். ஜானதன் ஸ்விஃப்ட் 1726-இல் எழுதிய 'கலிவரின் பயணங்கள்' நூலில் லபுடா என்று ஒரு பறக்கும் தீவு வருகிறது. அடங்காத ஊரின்மேல் அரசன் அதை நிறுத்தி வெயிலையும் மழையையும் மறைப்பான். கடைசித் தண்டனையாகத் தீவையே ஊரின்மேல் இறக்கி நசுக்கலாம். ஆனால் ஊரில் உயரமான பாறைகளோ கல் தூண்களோ இருந்தால் தீவின் அடித்தட்டு விரிசல் விட்டுவிடும் என்று அவனுக்குப் பயம். பறக்கிறவனுக்குத் தரையில் நிற்கும் ஒரு தூணைக் கண்டால் பயம்! நிஜத்திலும் அமெரிக்கர்கள் தங்கள் பி-17 குண்டுவீச்சு விமானத்துக்குப் 'பறக்கும் கோட்டை' என்றே பெயர் வைத்தார்கள். சுற்றிலும் இயந்திரத் துப்பாக்கிகள். ஜெர்மானிய விமானிகள் அதன் மூக்குப் பக்கம் மட்டும் காவல் குறைவு என்று கண்டுகொண்டு நேரெதிரே பாய்ந்தார்கள். பிறகு வந்த ரகத்தில் மூக்கின் கீழே தாடைபோல ஒரு துப்பாக்கிக் கூண்டு முளைத்தது.

நம்முடைய திரிபுரக் கதை இவற்றுக்கெல்லாம் மூத்தது. இந்த விளையாட்டை ஆடத் தொடங்கிய பிறகு அந்தக் கதையை நான் படிக்கும் விதமே மாறிவிட்டது. தாரகாசுரனின் பிள்ளைகள் மூன்று பேர்: தாரகாட்சன், கமலாட்சன், வித்யுன்மாலி. பிரம்மாவிடம் சாகாவரம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. சாவு உண்டு என்று ஆனபிறகு, அது எந்த வழியாக வரவேண்டும் என்பதைத் தாங்களே தீர்மானிக்கலாம் அல்லவா? மயன் மூன்று கோட்டைகளைக் கட்டித் தந்தான். பொன்னால் ஒன்று, வெள்ளியால் ஒன்று, இரும்பால் ஒன்று. மூன்றும் தனித்தனியே சஞ்சரிக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே கோட்டில் வரும். அந்த வேளையில் ஒரே அம்பால் மூன்றையும் அழிப்பவன் எவனோ, அவனே அவர்களை வெல்ல முடியும்.

இதை வரம் என்று படித்தால் கதை. வரைபடம் என்று படித்தால் பெரிய கலை. பலவீனம் இல்லாத கோட்டையைக் கட்ட முடியாது என்று ஒத்துக்கொண்டு, இருக்கிற ஒரே பலவீனத்தை எங்கே ஒளித்துவைப்பது என்று யோசித்திருக்கிறார்கள். இடத்தில் ஒளித்தால் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே காலத்தில் ஒளித்தார்கள். ஆயிரம் வருஷத்தில் ஒரு கணம்! கரியறையை எந்த மூலைக்கு நகர்த்துவது என்று ராத்திரி பதினொரு மணிக்கு சுட்டியை இழுத்துக்கொண்டிருக்கிறவனுக்கு மயனிடம் வருகிற மரியாதை, பக்தர்களுக்கு வருகிற மரியாதைக்குக் குறைந்ததில்லை.

அந்தக் கோட்டைகளை எறியப் புறப்பட்ட சிவனுக்கும் ஒரு தேர் கட்ட வேண்டியிருந்தது. பூமி தேர்த்தட்டு, சூரியனும் சந்திரனும் சக்கரங்கள், நான்கு வேதங்கள் குதிரைகள், பிரம்மா சாரதி, மேரு வில், வாசுகி நாண், திருமால் அம்பு, அம்பின் நுனியில் அக்கினி. இருக்கிற எல்லாவற்றையும் போட்டுக் கட்டிய தேர். அது புறப்பட்ட கொஞ்ச தூரத்திலேயே அச்சு முறிந்தது. முறிந்த இடம் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது.

செங்கல்பட்டிலிருந்து தெற்கே, மதுராந்தகம், மேல்மருவத்தூர் தாண்டினால் அச்சிறுபாக்கம். பேச்சில் அச்சரப்பாக்கம். அச்சு இறு பாக்கம். இறுதல் என்றால் முறிதல். ஆட்சீஸ்வரர் கோயில், சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். விநாயகரை வணங்காமல் கிளம்பியதால் அவர் தேரின் அச்சை முறித்தார் என்பது ஊர்க்கதை. அந்த விநாயகருக்கு அச்சுமுறி விநாயகர் என்று பெயர். அருணகிரிநாதரும் திருப்புகழின் விநாயகர் துதியில் இந்த அச்சை மறக்காமல் சேர்த்திருக்கிறார். என் இரண்டாவது கப்பல் ஓய்ந்துபோன வாரத்தில்தான் அங்கே போனேன். அதற்கு முன்பும் எத்தனையோ முறை ரயிலில் அந்த ஊரைக் கடந்திருக்கிறேன், பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கிறேன், பெயரை ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. சூரியனும் சந்திரனும் சக்கரமாக இருந்த தேர், சக்கரத்தில் பழுதாகவில்லை. வில்லில் இல்லை, குதிரையில் இல்லை. வர்ணிக்கிறவர்கள் சிரத்தையோடு பட்டியல் போடுகிற எதிலும் பழுதில்லை. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், தட்டுக்கு அடியில், கண்ணில் படாமல் கிடக்கிற கட்டையில் முறிந்தது. என் ஏணிக்கு அந்த ஊர் ஆறுதல் சொன்னது என்றே எடுத்துக்கொண்டேன்.

மகாபாரதத்தில் இந்தக் கதை வருகிற இடத்தையும் சொல்லியாக வேண்டும். கர்ண பருவத்தில், கர்ணனுக்குத் தேரோட்டச் சம்மதிக்காமல் முரண்டு பிடிக்கும் சல்லியனிடம் துரியோதனன் சொல்கிறான்: சிவனுக்கே பிரம்மா தேரோட்டினார், உனக்கு என்ன குறை? அதற்காகத்தான் திரிபுரக் கதை முழுவதும். சல்லியன் இறங்கிவந்து ஓட்டுகிறான். பிறகு அதே தேரின் சக்கரம் மண்ணில் புதைகிறது, கர்ணன் இறங்கித் தூக்கப் பார்க்கிறான். ஒரு தேர்க்கதையைச் சொல்லி இன்னொரு தேரை ஓட்டவைத்த வியாசர், சக்கரத்தில் கொண்டுபோய் முடித்திருக்கிறார்.

கனமான ஒன்றை நகர்த்துவதில் எத்தனை பேருடைய கவனம் வேண்டும் என்பதை நான் கண்ணால் பார்த்தது திருக்கழுக்குன்றத்துச் சித்திரைத் தேரில். வடம் பிடிக்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் முன்னால். எல்லோரும் அவர்களைத்தான் பார்ப்பார்கள். நான் பார்த்தது சக்கரத்தோடு ஒட்டிக் குனிந்தபடியே நகர்கிற முட்டுக்கட்டைக்காரரை. தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர் கையில் இருக்கிற கட்டைதான். எந்தச் சக்கரத்துக்கு, எந்தப் பக்கம், எவ்வளவு சாய்வாக வைக்க வேண்டும் என்பதை அவர் நொடிக்குள் முடிவு செய்து கட்டையைச் செருகிவிட்டுக் கையை இழுத்துக்கொள்கிறார். கோபுரம்போல் எழுந்து நிற்கிற தேர் அவர் சொன்ன இடத்தில் முனகிக்கொண்டு திரும்புகிறது. ஸ்டார்க்கின் ஆட்டத்தில் கட்டளையறை என்று ஒன்று இருக்கிறதே, அதைச் சின்னதாக வைத்தால் கப்பல் நம் சொல்லுக்குத் தாமதித்துத்தான் அசையும். முதலில் எனக்கு அது வீண் செலவாகத் தெரிந்தது. முட்டுக்கட்டைக்காரரை நினைத்த பிறகு அந்த அறையைப் பெரிதாக்கினேன்.

கடற்கரைப் பக்கம் வந்தால், மாமல்லபுரத்தில் ஓடாத தேர்கள் ஐந்து நிற்கின்றன. சக்கரமும் இல்லை, அச்சும் இல்லை. தேர் என்பதே பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர்தான். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி வந்தார்கள்; தர்மராஜ ரதத்தின் அடிப்பகுதி அப்படியே முடியாமல் நின்றுவிட்டது. நகுல சகாதேவ ரதத்தின் பின்புறம் யானையின் முதுகைப்போல வளைந்திருக்கும். பக்கத்திலேயே ஒரு கல் யானையையும் நிறுத்தியிருக்கிறார்கள். இந்த வடிவத்துக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். இந்தத் தூக்கம் உறக்கம்தான், தொங்கல் அல்ல. ஆனாலும் தூங்கெயிலை மனத்தில் வைத்துக்கொண்டு அதன் எதிரே நின்றால், ஒரே சொல் ஆகாயத்துக்கும் பாறைக்கும் பொருந்துகிறதே என்று ஒரு சந்தோஷம்.

அங்கிருந்து சற்றுத் தள்ளிப் பூஞ்சேரியில், 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. சதுரங்கப் பலகையின் மூலையில் நிற்கும் காய்க்கு எங்கள் வீட்டில் யானை என்று பெயர், புத்தகத்தில் கோட்டை. பழைய சதுரங்கத்தில் தேரும் உண்டு; பாரசீகத்துக்குப் போனபோது மூலையில் நின்ற தேர் 'ருக்' ஆனது, அதுதான் ஆங்கிலத்தின் 'ரூக்'. தேர், யானை, கோட்டை மூன்றும் அந்த ஒரு மூலையில் வந்து சேர்ந்திருக்கின்றன. நகரும் கோட்டை என்கிற எண்ணம் ஆட்டங்களுக்கு எவ்வளவு பழசு என்பதற்கு அந்தக் காய் போதும். அந்த ஒலிம்பியாடின் 10-ஆவது சுற்றில், முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றிருந்த குகேஷ், உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் கையில் இருந்த ஆட்டத்தை ஒரு தவறான நகர்வில் விட்டார். அணிக்கு வெண்கலம், தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு. அன்றைக்குச் செய்தி பார்த்தபோது மனம் கனத்தது. இப்போது அதை நினைக்கும்போது வேறொன்று தோன்றுகிறது. அத்தனை மணி நேரம் பார்த்துப் பார்த்துக் கட்டியதில்தான் அப்படி ஒரே இடத்தில் முறிய முடியும். ஏனோதானோ என்று கட்டியது பத்து இடத்தில் முறிந்திருக்கும்.

ஸ்டார்க்கின் ஆட்டத்தில் எல்லாம் எனக்கு ஒரே அளவில் ருசித்துவிடவில்லை. ஊர் ஊராகப் பிடித்து வரைபடத்தை நிரப்புகிற பகுதி சீக்கிரம் அலுக்கிறது. எந்த ஊர் விழுந்தது என்பதைவிட என் எந்த அறை விழுந்தது என்பதுதான் நினைவில் நிற்கிறது. வானத்தில் வருகிற ராட்சதப் பிராணிகள் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்கு ஒரு காலி வானமும் எதிரே ஒரு கப்பலும் போதும். கட்டும் மேசையில் செலவிடும் நேரத்தில் நாலில் ஒரு பங்குகூட நான் சண்டையில் செலவிடுவதில்லை.

ஆனால் சண்டையில் ஒன்றைப் பார்ப்பதற்காகவே திரும்பத் திரும்பப் போகிறேன். அதைச் சொல்ல தஞ்சைக்கு ஒருமுறை போய்வர வேண்டும். பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள இருட்டுப் பாதையில், நாயக்கர் கால ஓவிய அடுக்கின் கீழே சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றில் ஒன்று திரிபுராந்தகர். தேர்மேல் வில்லோடு சிவன், தேரோட்டும் பிரம்மா, உடன் போகிற பிள்ளைகள், காளி. மறுபக்கம் அசுரர்கள். அதன் படத்தைப் புத்தகத்தில் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என் கண் போகிற இடம் அந்த மறுபக்கம்தான். பொன்னும் வெள்ளியும் இரும்புமான கோட்டைகள் அல்ல, உள்ளே இருந்தவர்கள்தாம் அங்கே நிறைந்திருக்கிறார்கள். மீசை துடிக்கச் சண்டைக்கு நிற்கிற ஆண்கள், அவர்களை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிற பெண்கள். எறியப்படும் கோட்டைக்குள் குடும்பங்கள் இருந்தன என்பதை அந்த ஓவியர் மறைக்கவில்லை. சிவனுடைய தேரை வரைந்த அதே சிரத்தையோடு அந்தப் பெண்களின் முகத்தையும் வரைந்திருக்கிறார்.

சுவரைச் சீவிவிட்டு உள்ளே காட்டுகிற இந்த விளையாட்டிலும் என் கண்ணில் படுவது அதுதான். போன வாரம் என் ஐந்தாவது கப்பலை வானத்தில் ஏற்றினேன். கரியறை கீழே முன்பக்கம், குண்டறை பின்பக்கம் நடுத்தளத்தில், இடையில் ஒரு காலி அறை. ஏணிகள் இரண்டு, ஒன்றை விட்டு ஒன்று தள்ளி. அக்கா மகன் பார்த்துவிட்டு, "இப்ப சரியா வந்திருக்கு மாமா" என்றான். நன்றாகத்தான் போயிற்று. இரண்டு கப்பல்களை வீழ்த்தியது. மூன்றாவதன் குண்டு முன்னேணியைத் தகர்த்தது. ஆட்கள் பின்னேணி வழியாகப் போனார்கள், பீரங்கி ஓயவில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த குண்டு சஸ்பெண்டியம் அறையில் விழுந்தது. அப்படிப்பட்ட அறை ஒன்றைத்தான் வைத்திருந்தேன், கனத்தை மிச்சம் பிடிக்க.

கப்பல் உடனே விழவில்லை. நிறைகுடம் கிணற்றில் இறங்குவதுபோல மெதுவாக இறங்கத் தொடங்கியது. வானத்தின் நிறம் மாறி மலைகளின் தலை தெரிந்தது, பிறகு மரங்கள். பீரங்கிகள் சுட்டுக்கொண்டே இருந்தன. கீழ்த்தளத்தில் ஒரு மாலுமி குண்டறைக்குப் போய், ஒரு குண்டைத் தூக்கிக்கொண்டு, பின்னேணியின் முதல் படியில் கால் வைத்தார்.